சித்தப்பாவின் டி750-ஐ விற்பதா, வைத்துக்கொள்வதா?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சித்தப்பா நடத்திய ஸ்டூடியோவை இப்போது அவர் பார்த்துக்கொள்கிறார். கையில் இருப்பது நிக்கான் டி750 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஒன்று, 24-70 லென்ஸ், பழைய 80-200, ஒரு 50 எம்.எம். 1.8டி, இரண்டு ஃப்ளாஷ். ராமநாதபுரத்திலும் மதுரையிலும் விலை விசாரித்தாராம். வாங்கின விலையில் கால்வாசிகூடத் தேறவில்லை. “மிரர்லெஸ் வந்ததும் இதெல்லாம் குப்பை ஆயிருச்சா அண்ணே? விற்றுவிட்டுக் கடன் வாங்கியாவது புதுசு எடுக்கணுமா? டெக்னாலஜி வளர்ந்தால் விலை குறையணும், ஆனா புதுசு விலை ஏறிக்கிட்டே போகுதே, அது ஏன்?”

டி750 டி.எஸ்.எல்.ஆர். வகை, லென்ஸுக்குப் பின்னால் முகம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி இருக்கும். அந்தக் கண்ணாடி இல்லாத புது வகைதான் மிரர்லெஸ். முதலில் சுருக்கமான பதில். பாடியை இந்த வருடம் விற்காதீர்கள். 24-70 இருக்கட்டும். 80-200ஐ மட்டும் யோசிக்க வேண்டும், அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். புதுசுக்குக் கடன் வாங்கலாமா என்பதற்குப் பதில் கேமராவில் இல்லை, விசேஷ வீட்டார் கொடுக்கிற அட்வான்ஸை எழுதிவைக்கிற உங்கள் நோட்டில் இருக்கிறது.

இனி விரிவாக. நான் இருபத்தைந்து வருடமாக இந்தக் கரையில் கேமரா பிரித்து மாட்டுகிறவன். அதற்கு முன்னால் மாமாவின் ஸ்டூடியோவில் எடுபிடி. அங்கிருந்த யாஷிகா மேட் கேமராவை மாமா வாங்கியது எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால். நான் மீசை முளைத்து வேலைக்கு வந்தபோதும் அதே கேமராதான் ஓடிக்கொண்டிருந்தது. யாருமே அதை “பழைய மாடல்” என்று சொன்னதில்லை. காரணம், அந்தக் காலத்தில் கேமரா என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, ஒரு லென்ஸ், ஒரு கதவு. படம் பதிவது ஃபிலிம் ரோலில். ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிமில் ஆரம்பித்து, கலர் வந்து, அப்புறம் மங்கலான வெளிச்சத்திலும் எடுக்கிற வேகமான ரோல்கள் வந்தன. ஒவ்வொரு முறை ரோல் முன்னேறும்போதும் மாமாவின் பழைய பெட்டியும் காசு செலவில்லாமல் கூடவே முன்னேறியது.

செலவு வேறு இடத்தில் இருந்தது. 120 ரோலில் யாஷிகாவுக்குப் பன்னிரண்டே படம். 35 எம்.எம். ரோலில் 36. ரோலை மாட்டும்போது முனையைக் கொஞ்சமாக இழுத்து மாட்டி, 36க்குப் பதில் 38 எடுப்பவன்தான் கெட்டிக்கார அசிஸ்டென்ட். ஒவ்வொரு கிளிக்கும் காசு, கழுவ மதுரை லேபுக்கு அனுப்பினால் அதற்கும் காசு. பெட்டி சும்மா கிடந்தாலும் அதன் விலை குறையாது.

டிஜிட்டல் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டியது. ஃபிலிமுக்குப் பதில் படத்தைப் பதிகிற சென்சாரைப் பாடிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். கிளிக் இலவசம் ஆனது, ஆனால் நல்ல “ரோல்” வேண்டுமென்றால் கேமராவையே தூக்கிப் போட்டு வேறு வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. முன்பு ரோலுக்குக் கொடுத்த காசைத்தான் இப்போது பாடிக்கு மொத்தமாகக் கொடுக்கிறோம். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்குத்தான். டிஜிட்டல் பாடி அப்படியில்லை. அது ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி, கரைக்கு வந்த நிமிடத்திலிருந்து விலை இறங்கும்.

எவ்வளவு வேகமாக இறங்கியது தெரியுமா? 1999இல் வந்த நிக்கான் டி1 வெறும் 2.7 மெகாபிக்சல், விலை 5,000 டாலருக்கு மேல். 2003இல் கேனான் 300டி 6 மெகாபிக்சலை ஆயிரம் டாலருக்குக் கீழே கொண்டுவந்தது. நான்கே வருடத்தில் இரண்டு மடங்கு பிக்சல், ஐந்தில் ஒரு பங்கு விலை. அந்த நாட்களில் ஒரு பாடியை மூன்று வருடம் வைத்திருந்தவன் உண்மையிலேயே நஷ்டப்பட்டான், ஏனென்றால் புதியது எடுக்கும் படம் கண்ணுக்குத் தெரியும்படி மேலாக இருந்தது. ஸ்டூடியோக்காரர்கள் மனதில் “பழைய பாடி என்றால் மோசமான படம்” என்கிற பயம் ஆணியடித்தது அப்போதுதான்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் காரணம் எப்போதோ போய்விட்டது.

உங்கள் டி750 2014இல் வந்தது, 24 மெகாபிக்சல். படத்தின் நீளப் பக்கம் சுமார் 6,000 பிக்சல். இங்கே கல்யாண ஆல்பம் விரித்தால் பெரும்பாலும் 12க்கு 36 இன்ச், அதாவது ஒரு பக்கம் 18 இன்ச். 6,000ஐ 18ஆல் வகுத்தால் இன்ச்சுக்கு 333 பிக்சல். நல்ல பிரிண்டுக்கு 300 போதும். ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்தாலும் 166 வரும், மடியில் ஆல்பத்தை வைத்துப் பார்க்கிற மாமியாருக்கு அதில் குறை தெரியாது. 45 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. இதை நான் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. இரண்டு படத்தையும் ஒரே ஆல்பத்தில் பிரிண்ட் போட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் காட்டி எது எது என்று கேட்டிருக்கிறேன். சரியாகச் சொன்னவர்கள் குருட்டாம்போக்கில் சொன்னவர்கள்தான்.

அப்படியானால் உங்கள் பாடிக்கு விலை ஏன் கால்வாசி ஆனது? படம் மோசமானதால் இல்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் விற்பதால். நிக்கானும் கேனானும் 2018இல் மிரர்லெஸ் பக்கம் முழுமூச்சாகத் திரும்பின. 2020இல் மிரர்லெஸ் ஏற்றுமதி எண்ணிக்கை டி.எஸ்.எல்.ஆரைத் தாண்டியது. பக்கத்து ஸ்டூடியோக்காரர் மாற்றிவிட்டாரே என்று இவரும், இவர் மாற்றிவிட்டாரே என்று அவரும். பாம்பனில் ஒரே காலையில் எல்லாப் படகுக்கும் சூடை மீன் பட்டால் சூடைக்கு என்ன விலை கிடைக்கும்? மீன் கெட்டுப்போனதா என்ன?

இன்னொன்று, புதியதின் விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும். 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம். அலமாரியில் பழைய பாடி வைத்திருந்த என் போன்றவர்களுக்கு ஒரே ராத்திரியில் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் காற்றில் போனது.

உங்கள் மூன்றாவது கேள்வி, டெக்னாலஜி வளர்ந்தும் புதியது ஏன் விலை ஏறுகிறது என்பது. எனக்கு இதில்தான் சுவாரஸ்யம். 2010இல் உலகம் முழுக்கக் கப்பலேறிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே. நடுவில் என்ன நடந்தது என்பது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு “சார், ஒரு போட்டோ” என்று கேட்ட பையன்கள் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புது சென்சாரை உருவாக்குகிற செலவு, ஆட்டோஃபோகஸ் மூளையை எழுதுகிற செலவு குறையவில்லை, கூடியிருக்கிறது. அதைப் பங்கு போட முன்பு பன்னிரண்டு கோடிப் பேர், 2023இல் முக்கால் கோடிப் பேர். அதனால் கம்பெனிகள் விலை குறைந்த பாடிகளைக் கைவிட்டு, காசு இருக்கிறவர்களுக்கான மாடல்களில் நிற்கிறார்கள். விலையைக் கீழே தள்ளிய டெக்னாலஜி செல்போன் பக்கம் போய்விட்டது.

சரி, என் சொந்த அடியையும் சொல்லிவிடுகிறேன். 2009 வைகாசிக்கு முன்னால், வட்டிக்கு வாங்கி, தோளில் வைத்து எடுக்கிற வீடியோ கேமரா ஒன்று எடுத்தேன், மினி-டி.வி. (டிஜிட்டல் வீடியோ) என்கிற சின்ன கேசட்டில் பதிகிறது. கனமான கேமரா, கல்யாண வீட்டில் அதைத் தோளில் தூக்கினாலே சாப்பாட்டுப் பந்தியில் முதல் இலை கிடைக்கும். கேனான் 5டி மார்க் 2 அதற்கு முந்தைய வருடமே வந்திருந்தது. போட்டோ கேமராவில் வீடியோ எடுக்கலாம் என்றார்கள், நான் சிரித்தேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓடாத ஒன்றை வைத்துக்கொண்டு தாலி கட்டுவதை எடுப்பானா என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் ராமேஸ்வரத்தில் ஒரு பெண் வீட்டார் கேட்டார்கள்: “அண்ணே, சினிமால வர்ற மாதிரி பின்னாடி மங்கலா தெரியுமே, அப்படி வருமா?” என் கேமராவின் சென்சார் விரல் நகத்தைவிடச் சின்னது. எப்படி வரும்? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கேமராவில் ஒரு திருகுகூடத் தளரவில்லை. வாங்கின நாளில் எடுத்த மாதிரியே அன்றைக்கும் எடுத்தது. கடன் மட்டும் இன்னும் ஒரு வருடம் ஓடியது. மதிப்பை அழித்தது தேய்மானம் இல்லை, கல்யாண வீட்டாரின் வாயில் வந்த ஒரு புது வார்த்தை. அதனால்தான் சொல்கிறேன், புது மாடல் பற்றி யூடியூபில் பேசுகிறவர்களைக் கேட்பதைவிட, அட்வான்ஸ் கொடுக்க வருகிறவர்கள் என்ன வார்த்தை பேசுகிறார்கள் என்று காது கொடுங்கள். இப்போது “ரீல்ஸ்” என்கிறார்கள், “அன்னைக்கே வேணும்” என்கிறார்கள்.

அந்த வீடியோ கேமராவின் கதை அங்கே முடியவில்லை. அடிமாட்டு விலைக்குக்கூட யாரும் வாங்காததால் பரணில் போட்டேன். பல வருடம் கழித்து கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அங்கே அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்) பிளாஸ்டிக் பையில் ஏழு கேசட்டோடு வந்தார். வாப்பா பேசுகிற ஒரே பதிவு அதில்தான் இருக்கிறதாம். ஓட்டிப் பார்க்க ஊரில் பெட்டி இல்லை. பரணில் ஏறினேன். இப்போது அந்தக் கேமரா படம் எடுப்பதில்லை, டேப் வாசிக்கிறது. வி.எச்.எஸ். கேசட்டுக்கு என்று ஒரு வி.சி.ஆரும் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016இல் அதைத் தயாரிப்பதை நிறுத்திய பிறகு, ஓடுகிற பெட்டி கிடைப்பதே குதிரைக்கொம்பு. போட்ட காசை அந்தக் கேமரா கல்யாணத்தில் எடுக்கவில்லை, கேசட் மாற்றித் தருவதில்தான் எடுத்தது. இதை முன்கூட்டியே கணக்குப் போட்டேன் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

லென்ஸுக்கு வருவோம். “பாடி போகும், லென்ஸ் நிற்கும்” என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மவுண்ட் என்பது பாடியில் லென்ஸை மாட்டுகிற வளையம். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து, கேனானின் இ.எஃப். மவுண்ட் 1987இலிருந்து இருந்ததால் அது உண்மையாகவும் இருந்தது. 2018இல் அந்த வாக்கு உடைந்தது. மிரர்லெஸில் உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டதால் சென்சாருக்கும் மவுண்டுக்கும் நடுவில் இடம் தேவையில்லை. எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர், புதிய இசட் மவுண்டில் 16. பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டலாம், நடுவில் 30.5 மில்லிமீட்டருக்கு ஒரு அடாப்டர் குழாய் வைத்தால் போதும். புதிய லென்ஸைப் பழைய பாடியில் மாட்டவே முடியாது, குழாயைக் கழிக்க முடியாதே. ஆகவே பழைய லென்ஸ் சாகவில்லை, ஆனால் புதியதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நிலைக்கு வந்துவிட்டது.

இதில்தான் உங்கள் 80-200இன் சிக்கல். அதன் குழாயில் “ஏ.எஃப்-எஸ்” என்று எழுதியிருக்கிறதா, வெறும் “ஏ.எஃப்” மட்டுமா என்று பாருங்கள். வெறும் ஏ.எஃப் என்றால் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. உங்கள் டி750 பாடிக்குள் இருக்கிற மோட்டார், மவுண்டில் தெரிகிற ஒரு சின்னத் திருப்புளி மூலம் லென்ஸைச் சுற்றுகிறது. நிக்கானின் எஃப்.டி.இசட் அடாப்டரில் அந்த மோட்டாரும் இல்லை, திருப்புளியும் இல்லை. நாளைக்கே இசட் பாடி வாங்கினால் 80-200ம் 50 1.8டியும் கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸாகிவிடும். உங்கள் 24-70க்கு உள்ளே மோட்டார் இருப்பதால் அது ஓடும். இந்த ஒரு எழுத்து தெரியாமல் மண்டபத்தில் ஒருவர் பாடியை மாற்றிவிட்டு, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி எனக்குப் போன் அடித்தார். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்தார் பாவம்.

டெக்னாலஜி விலையைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, மேலேயும் தூக்கும். மோட்டாரே இல்லாத 1970களின் மேனுவல் நிக்கார் லென்ஸ்கள் (நிக்கான் தயாரித்தவை, கையால் ஃபோகஸ் செய்பவை) நம் பக்கம் பேப்பர் வெயிட்டாகக் கிடந்தவை. மிரர்லெஸ் வந்து, ஃபோகஸ் விழுந்த இடத்தைத் திரையில் கலர் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்ததும் அவற்றைத் தேடி வருகிறார்கள். பாடிக்குள்ளேயே சென்சாரை ஆட்டிக் கை நடுக்கத்தைச் சமாளிப்பதால், ஐம்பது வருடத்துக்கு முந்தைய லென்ஸுக்கும் ஸ்டெபிலைசர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் டி750க்கும் ஒரு சகாயம் நடந்திருக்கிறது. 2023 ஏப்ரலில், படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்தது. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் வெளிச்ச உணர்வை) 6400க்கு ஏற்றி எடுத்த ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலப் பதிவை, அதில் விட்டால், குருணை குருணையாகக் கிடந்த புள்ளிகள் போய்ப் படம் தெளிகிறது. ஒன்பது வருடம் கழித்து, கேமராவைத் தொடாமலே, அதற்கு வயது குறைந்தது. ஆனால் செலவு வேறு பக்கம் நகர்ந்திருக்கிறது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஓடும். கேமராவுக்கு வைத்த காசில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டருக்குப் போட்டால் உங்களுக்குக் கிடைக்கிற முன்னேற்றம் அதிகம் என்பது என் கணிப்பு.

பறவை எடுக்கிறவர்களுக்கு நடந்தது இதைவிட வேடிக்கை. தை, மாசியில் தனுஷ்கோடி கோதண்டராமர் கோயில் பக்கத்து நீரில் பூநாரை இறங்கும். அதைக் கிட்டே இழுக்க 600 எம்.எம். எஃப் 4 லென்ஸ் வேண்டும் என்பார்கள். எஃப் எண் ஏற ஏற லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் குறையும். கேனானின் அந்த லென்ஸ் மூன்று கிலோவுக்கு மேல், விலைக்கு ஒரு நாட்டுப்படகு வாங்கலாம். டி.எஸ்.எல்.ஆரின் ஃபோகஸ் கண்ணுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், எஃப் 8க்கு மேல் போனால் அது கையை விரித்துவிடும். அதனால் பெரிய லென்ஸ் கண்ணாடி, அதனால் அந்த எடை, அந்த விலை. மிரர்லெஸ் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் எஃப் 11இலும் பிடிக்கிறது. அந்தத் தைரியத்தில் 2020இல் கேனான் 600, 800 எம்.எம். எஃப் 11 லென்ஸ்களை விட்டது. 600 ஒரு கிலோவுக்கும் கீழே, 800 ஒன்றேகால் கிலோ. நம் வெயிலுக்கு எஃப் 11 என்ன குறைச்சல்? மணல் பளீரென்று அடிக்கிற காலை பத்து மணிக்கு ஐ.எஸ்.ஓ. 400இல் 1/800 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும், பூநாரை சிறகு விரிப்பது நிற்கும். விடியலிலும் மேகத்திலும் மட்டும் திணறும். படகு விலையில் இருந்த ஒரு ஆசை, எஞ்சின் விலைக்கு வந்துவிட்டது.

மேலே சொன்ன எல்லாம் மதுரைக்கும் கோவைக்கும் பொதுவான கணக்கு. நம் கரைக்கு இன்னொரு கணக்கு உண்டு, அது டெக்னாலஜியைவிட வேகமாக விலையைத் தின்னும். உப்புக்காற்று.

கொஞ்ச நாள் முன்னால் பெரியபட்டினத்திலிருந்து ஒரு காக்கா (அண்ணன் என்று அர்த்தம்) கேமரா கொண்டுவந்தார். வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளி வீட்டுக் கேமரா. துபாயிலிருந்து வந்து, இரண்டு பெருநாளைக்கு எடுத்து, அலமாரியில் தூங்கியது. ஷட்டர் கவுண்ட், அதாவது எடுத்த படங்களின் எண்ணிக்கை, ஆயிரத்தைத் தொடவில்லை. “புதுசு மாதிரி தம்பி, பாருங்க” என்றார். லென்ஸைக் கழற்றினேன். நிக்கான் லென்ஸைக் கழற்றினால் உள்ளே வெளிச்சத்தை அளந்து விடுகிற அபர்ச்சர் இதழ்கள் மூடிக்கொள்ளும், பின்னால் இருக்கிற சின்ன நெம்பை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் திறக்கும். அப்படிப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தேன். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாக மின்னும், அதற்குப் பயப்பட வேண்டாம். இது அப்படியில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு கண், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, குருசடைத் தீவுப் பக்கம் தண்ணீருக்கடியில் பவளம் விரிந்திருக்குமே, அதே மாதிரி. மூன்றாவது கண்ணாடியில். காக்காவையும் பார்க்கச் சொன்னேன். “அழகாத்தான் இருக்கு” என்றார் சோகமாக.

அது பங்கஸ், பூஞ்சை. கண்ணாடியில் இருக்கிற நுண்ணிய எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் தின்று வளரும், வளரும்போது அமிலம் விடும், அமிலம் கோட்டிங்கை அரிக்கும். ஆரம்பத்தில் கழுவினால் போகும். அரித்துவிட்டால் பூஞ்சை போனாலும் அதன் கோலம் கண்ணாடியில் நிற்கும். அந்தக் கேமரா வந்திருந்ததோ அழகான தோல் கேஸில். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தோலைப் போல வேறு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் கேஸுக்குள் லென்ஸை மூடிவைப்பது, பங்கஸுக்குப் பந்தி போடுவது. அரிசி டப்பாவில் புதைக்கிறவர்களும் உண்டு, மாவுத்தூசி உள்ளே போவதுதான் மிச்சம். ஈரத்தைக் கட்டுப்படுத்துகிற டிரை கேபினட் பெட்டி வாங்கி ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் நடுவில் வையுங்கள். முடியாதென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், விலை குறைந்த ஈரமானி ஒன்று. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இட்டுச் சிறு தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு முறை எடுத்து வேலை செய்வது.

கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தனுஷ்கோடி மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஜூம் வளையம் கரகர என்றால் மணல் போய்விட்டது என்று அர்த்தம், அதை மேலும் திருகாதீர்கள். கடலோர வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடையுங்கள், ஃப்ளாஷ் மாட்டுகிற தகட்டையும் பேட்டரிக் கதவையும் பாருங்கள். பச்சைக் களிம்பு அங்கேதான் முதலில் பிடிக்கும். மதுரை வியாபாரி நம் ஊர்க் கேமரா என்று தெரிந்தாலே விலையைக் குறைக்கிறார் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் குறைப்பேன்.

ட்ரோன் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம், எதிரே இலங்கை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசு வரைபடத்தில் உங்கள் கல்யாண மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். பறக்கவிட முடியாத ட்ரோன் எந்த விலைக்குக் கிடைத்தாலும் அதிக விலைதான்.

இப்போது கடன் கேள்வி. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். புது மிரர்லெஸ் பாடியும் ஒரு லென்ஸும் 2 லட்சம். நான்கு வருடம் கழித்து 70,000க்குப் போகிறது என்று வையுங்கள். உங்களுக்கு வருடத்துக்கு 25 விசேஷம் என்றால், நான்கு வருடத்தில் 100 வேலை. 1,30,000 தேய்மானம், வேலைக்கு 1,300 ரூபாய், வட்டி தனி. டி750 இன்றைக்கு 30,000 பெறும், இரண்டு வருடம் கழித்து 18,000 பெறும் என்றால் 50 வேலைக்கு 12,000 நஷ்டம், வேலைக்கு 240. வித்தியாசம் 1,060. புதுக் கேமரா கையில் இருப்பதால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஆயிரம், வட்டியோடு ஆயிரத்தைந்நூறு கூடுதலாகத் தருகிற ஆட்கள் உங்களிடம் வருகிறார்களா? வீடியோ ஆர்டர் பாதிக்கு மேல் வருகிறது, அன்றைக்கே ரீல் கேட்கிறார்கள் என்றால் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆல்பமும் பாஸ்போர்ட் போட்டோவும்தான் பிழைப்பு என்றால், அந்தக் கடன் நான் 2009இல் வாங்கிய கடனின் தம்பி.

மிரர்லெஸின் நல்லதையும் மறைக்கக் கூடாது. டி.எஸ்.எல்.ஆரில் படம் பதிவது ஒரு இடம், ஃபோகஸ் பார்ப்பது கண்ணாடிக்குக் கீழே வேறு இடம். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தால் மணப்பெண்ணின் கண்ணுக்குப் பதில் நெற்றிச்சுட்டி தெளிவாக இருக்கும். மிரர்லெஸில் பதிகிற இடமும் பார்க்கிற இடமும் ஒன்று, கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடாது. ஹோமப் புகையில் எஃப் 1.8இல் எடுத்த நூறு படத்தில் தேறுகிற எண்ணிக்கை கூடும் என்பது நிஜம். ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த மாடல்களில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை எல்.இ.டி. விளக்குள்ள மேடையில் போடாதீர்கள், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

செகண்ட் ஹேண்ட் எடுப்பதாக இருந்தால் ஆடியில் எடுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், கையில் காசில்லாத ஸ்டூடியோக்கள் அப்போதுதான் விற்பார்கள். ஆவணி பிறந்தால் அதே பாடிக்கு விலை ஏறிவிடும். டி750 மாதிரி பாடிகளில் ஷட்டர் ஒன்றரை லட்சம் கிளிக்குக்கு என்று கம்பெனி சொல்கிறது, அதனால் கவுண்ட் பார்ப்பது பைக்குக்குக் கிலோமீட்டர் பார்ப்பது போல. ஆனால் மிரர்லெஸில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடியது அந்தக் கணக்கில் வராமல் போகலாம். 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. எண்ணை மட்டும் நம்பாமல் மவுண்டின் தேய்வு, ரப்பர் பிடி, திருகுகளின் தலை எல்லாவற்றையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இங்கே வாரண்டி செல்லுமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். டி750ஐயும் 24-70ஐயும் வைத்துக்கொண்டு இந்த வைகாசியையும் ஆவணியையும் ஓட்டுவேன். 80-200 வெறும் ஏ.எஃப் என்றால், டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் இன்னும் கேட்டு வருகிற இப்போதே அதை விற்பேன், வருகிற காசைக் கம்ப்யூட்டரில் போடுவேன். 50 1.8டியை விற்று என்ன ஆகப்போகிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

80-200க்கு விலை பேசுவதற்கு முன்னால் ஒரு முறை ராமநாதபுரம் பக்கம் வாருங்கள், டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். அந்த லென்ஸோடு வந்த கேஸ் சித்தப்பா அலமாரியில் இருந்தால், அதை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.